அட்டைப்படத்துப் பிணம்

ஆத்தூரிலிருந்து தூத்துக்குடி போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் கையில் மாவுக்கட்டோடு ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தார். வெற்றிலைக் கட்டை மடியில் வைத்திருந்த பக்கத்துப் பெண்ணிடம் சாதாரணமாகச் சொன்னார்:

“எங்க வீட்டுக்காரரு என்னைய கொல்லாத மாசமே கெடையாது.”

“என்னக்கா சொல்லுதீய?”

“நெசமா இல்லளா, அவரு வரையுத படத்துல. மொதல்ல பிள்ளைகளுக்குப் படக்கதை வரைஞ்சாரு. கொள்ளைக்காரனுக்கெல்லாம் அவரு மூஞ்சிதான், கண்ணாடியப் பாத்து வரைவாரு. பொறவு மாச நாவலுக்கு அட்டைப்படம். துப்பறியுற கதைன்னா ஒரு பொம்பளை செத்துக் கெடக்கணும்லா? அடுக்களைத் தரையில நாந்தான் கெடப்பேன். சோறு பொங்கி வழியும், ‘அசையாத’ம்பாரு. பஸ் ஸ்டாண்டு கடையில வரிசையா நான் செத்துத் தொங்குவேன். தலையக் குனிஞ்சிக்கிட்டே போவேன்.”

“இப்பவும் வரையுதாரா?”

“எங்க. எல்லாம் மறந்துபோச்சு. என்னையவே ‘நீங்க யாரு’ன்னு கேக்காரு.”

“கை எப்படி ஒடிஞ்சிச்சு?”

“அடுக்களையில வழுக்கி விழுந்துட்டேன். சத்தம் கேட்டு வந்தவரு வாசல்லயே நின்னு பாத்தாரு. ‘சொர்ணம், அசையாத. முடிய மட்டும் கொஞ்சம் பரத்திப் போடு’ன்னாரு.”

“நீங்க என்ன செஞ்சீய?”

பஸ் முத்தையாபுரத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

“பேரைச் சொல்லிக் கூப்புட்டாருல்லா. நல்லாருந்த கையால முடியப் பரத்திப் போட்டுட்டு, அப்படியே கெடந்தேன்.”