யாரும் பயப்படாத நிறம்

உங்கள் ஸ்டேஷன் அறைக்கு இந்த மஞ்சளை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியவில்லை, சார். மிச்சமிருந்த பெயிண்டைக் காண்டிராக்டர் அடித்துவிட்டுப் போயிருப்பார். அடர்ந்த மஞ்சளுக்கு நடுவில் வெகுநேரம் உட்கார்ந்தால் யாருக்குமே இருப்புக்கொள்ளாது. நான் காலை ஆட்டிக்கொண்டே இருப்பதை நீங்கள் கவனிக்கிறீர்கள். பயத்தினால் அல்ல. சுவரினால்தான்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

என் பெயர் ஸ்ரீகண்டன். கரமனையில் வீடு. மனைவி அனந்தலக்ஷ்மி, ஒரே மகள் விஷ்ணுப்ரியா. தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் இரண்டு அறை எடுத்து விளம்பர ஆபீஸ் நடத்துகிறேன். போர்டு எழுதுவதும் பத்திரிகையில் இடம் பிடித்துக் கொடுப்பதும் மற்றவர்கள் வேலை. என் வேலை நிறம். ஒரு பொருள் எந்த நிறத்தில் கடைக்குப் போக வேண்டும் என்று சொல்வேன்.

இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பாலராமபுரத்தில் ஒரு சோப்புக் கம்பெனிக்காரரும் சிரித்தார். ஒரே சோப்பைப் பாதி மஞ்சள் காகிதத்திலும் பாதி நீலக் காகிதத்திலும் சுற்றி வீடுவீடாகக் கொடுக்கச் சொன்னேன். நீலம் நன்றாக வெளுக்கிறது என்றார்கள் பெண்கள். மஞ்சள் கையை அரிக்கிறது என்றார்கள். ஒரு அம்மாள் கையை நீட்டிக் காட்டினாள். பொய்யில்லை, சார், கை உண்மையிலேயே சிவந்து தடித்திருந்தது. கண் எதை நம்புகிறதோ அதன் பின்னால் உடம்பும் போய்விடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூற்றேழில் சத்தியதாஸ் வந்தார். பாறசாலைக்காரர். பூச்சிமருந்து தயாரித்து விற்கும் சின்னக் கம்பெனி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் இருக்கமாட்டார், நல்ல மனிதர்.

"சாமி, மருந்து நல்ல மருந்தாக்கும். பூச்சி ஒண்ணு மிஞ்சாது. ஆனா மலையில எஸ்டேட்டுப் பெண்ணுவ அந்தக் குப்பியக் கண்டாலே பேடிக்குதுவ. மூக்கக் கெட்டுதுவ, கையில துணியச் சுத்துதுவ, பாதிப்பேரு அடிக்கவே வரமாட்டேங்குதுவ. மேனேஜர்மாரு வேற கம்பெனிய நோக்குதாவ."

குப்பியை மேசைமேல் வைத்தார். பழுப்புக் கண்ணாடி, கறுப்பு லேபிள், மண்டையோடு, சட்டம் கேட்கிற சிவப்புச் சாய்சதுரம். கொடிய விஷம் என்று அந்தக் குப்பி உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளதைச் சொல்லும் குப்பியை யார் வாங்குவார்கள்?

வித்துராவிலிருந்து ஜீப்பில் மேலே போனோம். போனக்காட்டுக்குப் போகும் பாதையிலிருந்து பிரிந்துபோகிற ஒரு எஸ்டேட். மருந்தடிக்கிற பெண்கள் முத்தாரம்மாள் சொல்வதைத்தான் கேட்பார்கள் என்று கங்காணி சொன்னார். அவள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து நிற அட்டைகளைப் பரப்பினேன். கறுப்பையும் சிவப்பையும் அவள் காலாலேயே தள்ளிவிட்டாள்.

"இதெல்லாம் வேண்டாம் சார். சுடுகாட்டு நெனப்புதான் வருது."

பிறகு இளஞ்சிவப்பு அட்டையை எடுத்தாள். "இந்தா, இது ஆஸ்பத்திரியில பிள்ளையளுக்குக் காய்ச்சலுக்கு ஊத்துவாவல்லா, அந்தக் களரு. இதப் பாத்து யாரு பயப்படுவா?"

அவளுடைய மகள் இசக்கி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நடக்கவும் பேசவும் பழகிய வயது. அம்மாவின் கையிலிருந்து அந்த அட்டையைப் பிடுங்கி நாக்கை நீட்டி நக்கினாள். "திங்கிற சாமான்னு நெனச்சிட்டா சார்" என்று முத்தாரம்மாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அட்டையைத் திருப்பி வாங்க முடியவில்லை, குழந்தை அழுதது. இருக்கட்டும், வைத்துக்கொள் என்று விட்டுவிட்டு வந்தேன். என் தொழிலில் இத்தனை சுத்தமான பதில் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் குப்பி, வெள்ளை மூடி. மருந்திலும் அதே சாயம், கெட்டிப் பால் போல. 'புதுத்தளிர்' என்று பெயர் வைத்தேன். நான் சட்டத்தை மீறவில்லை, சார். சிவப்புச் சாய்சதுரம் அதே அளவில், அதே இடத்தில் இருக்கிறது. நீங்களே அளந்து பாருங்கள். வெள்ளையின் மேல் சிவப்பு கத்தும். இளஞ்சிவப்பின் மேல் வைத்தால் அதன் குரல் அடங்கிவிடும். நான் செய்தது அவ்வளவுதான்.

அடுத்த மழைக்காலத்துக்குள் சத்தியதாஸ் புது ஷெட் போட்டார். பெண்கள் மூக்கில் துணி கட்டுவதை விட்டுவிட்டார்கள் என்று மேனேஜர்கள் சந்தோஷப்பட்டார்கள். காலிக் குப்பிகளைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றும் சொன்னார்கள். ஒரு பொருள் வாங்குகிறவரின் அடுக்களைவரை போய் உட்காருவதைப் போல வெற்றி வேறில்லை. அதற்காக நான் பெருமைப்பட்டது உண்மை.

இசக்கி செத்துப்போனது அந்த வருஷம்தான். குப்பியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது.

சத்தியதாஸ் ஓடிவந்தார். ஷர்ட் பட்டன் மாறிப் போட்டிருந்தது. "மதி சாமி, போதும். பழைய குப்பிக்கே போயிரலாம். எனக்கு ஒறக்கம் வரல."

இப்போது நிறத்தை மாற்றினால் நாமே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று அவருக்கு விளக்கினேன். மற்ற கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா, ஷெட்டில் வேலை பார்க்கும் குடும்பங்கள் என்னாகும் என்றும் கேட்டேன். நியாயமான கேள்விகள்தானே? அவர் அழுதார். ஆனால் கேட்டுக்கொண்டார். முத்தாரம்மாளிடம் நானே போய்ப் பேசுகிறேன் என்றேன்.

வெளிர்நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வெளிர்நீலம் போட்டவன் சொல்வதை ஜனங்கள் நம்புவார்கள். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நிற்கப் பார்த்தாள், வேண்டாமென்று கையமர்த்தினேன்.

"குப்பியை யார் வீட்டுக்குக் கொண்டுவந்தது?"

"நாந்தான் சார். எல்லாரும் கொண்டு வருவாவ. மண்ணெண்ணெய் ஊத்தி வைக்க."

"கம்பெனி கொண்டுபோகச் சொல்லிச்சா?"

"இல்ல சார்."

"நன்னாக் கழுவினியா?"

அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பம் எம்பிள்ளைய நாந்தான் கொன்னேனா சார்?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "வேணும்னு செய்யலையே" என்றேன். அது ஆறுதலான வார்த்தை. விசாரிக்க வந்த போலீஸ்காரர்களிடம் அவள் அதையே சொன்னாள். தன் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டாள். நிறத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்குப் பதில் தயாராகத்தான் வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தம்பானூரிலிருந்து பஸ் ஏறுவேன். இரண்டு ஸ்டாப்பில் இறங்கி நடப்பேன். சாப்பிடும்போது எழுந்துபோய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவேன். ஆபீஸ் சுவருக்கு இளம்பச்சை அடித்தேன், சரியில்லை. சந்தன நிறம் அடித்தேன். பிறகு சாம்பல். பெயிண்டர் அலுத்துப்போனான். கொஞ்சம் தண்ணீர் கொடுக்கிறீர்களா, சார்? ஜன்னலைத் திறந்தாலும் நல்லது.

ஆமாம், அதற்குப் பிறகு இன்னும் மூன்று குழந்தைகள். வேறு வேறு எஸ்டேட்டுகள். ஒவ்வொரு முறையும் வீட்டில் யாரோ ஒருவர் குப்பியைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள் தவறுதான் முதலில் தெரிந்தது. சத்தியதாஸ் ஊரைவிட்டே போய்விட்டார். அவரைத் தேடி அலைய வேண்டாம், சார். அவர் பயந்தவர். முடிவுகள் எல்லாம் என்னுடையவை.

உங்களிடம் வந்தது என் மனைவி என்று எனக்குத் தெரியும். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாலாவது குழந்தையின் செய்தி வந்த அன்று, மலையாளப் பத்திரிகையில் குப்பியின் படமும் போட்டிருந்தார்கள். காபி கொண்டுவந்தவள் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்னா, நம்மாத்துக் கறிவேப்பிலைக்கு அடிக்கறேளே, அதுவும் இந்த மருந்துதானே?"

"ஆமாம்."

"இதுல ரோஸ் குப்பின்னா போட்டிருக்கு. நம்மாத்துல இருக்கறது பழுப்பா இருக்கே? மண்டையோடு ஒட்டியிருக்கே?"

நான் பேப்பரை மடித்தேன்.

"யார் மாத்தி வெச்சா? நீங்களா?"

"விஷ்ணுப்ரியா அப்போ சின்னக் கொழந்தையாச்சேடி" என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் காபியை என் முன்னால் வைக்கவில்லை. உள்ளே கொண்டுபோய்க் கொட்டினாள். மறுநாள் காலையில் அந்தக் குப்பியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு இங்கே வந்திருக்கிறாள்.

எப்போது மாற்றினேன் என்றுதானே கேட்கிறீர்கள். முதல் லோடு மலைக்குப் போவதற்கு முன்னாலேயே. ஒரு குப்பிகூட விற்பதற்கு முன்னால். சத்தியதாஸ் முதல் குப்பியை எனக்குப் பிரியமாகக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மகள் கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்தாள். குப்பியைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். குப்பியைப் பையில் மறைத்து, அவளைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மருந்து முழுவதையும் சத்தியதாஸ் முதலில் கொண்டுவந்த பழைய பழுப்புக் குப்பியில் ஊற்றினேன். பழைய லேபிளிலிருந்து மண்டையோட்டையும் சாய்சதுரத்தையும் வெட்டி, பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்து ஒட்டினேன். இளஞ்சிவப்புக் குப்பியை மிதித்து நசுக்கித் தூரத்தில் போய் எறிந்தேன்.

ஆகவே தெரிந்தே செய்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். இசக்கிக்கு என்ன நேரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்த நிறத்தை மலைக்கு அனுப்பினேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுத வேண்டும், சார். அந்தப் பழுப்புக் குப்பி இத்தனை வருஷமும் எங்கள் கொல்லையில் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. என் மகள் அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. நிறத்தைப் பற்றி நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை என்பதற்கு அவளைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.