தராசு கிட்ட வரக்கூடாதவள்

“ஹலோ... ஆங், ஆசீர்வாதம் தான் பேசறேன்... சொல்லுங்க மாப்ள.”

கவரைப்பேட்டையில் தன் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழவர் ஸ்பீக்கரை அழுத்திவிட்டு, எதிரில் இருந்த இரண்டு பேரையும் பார்த்து வாயில் விரல் வைத்தார். ஒருத்தி மகள் மெர்சி. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து புருஷன் பாக்கியராஜ் துரத்திவிட, மாற்றுத்துணியோடு வந்து சேர்ந்தவள். இன்னொருத்தி அந்தக் காப்பியை வாங்கும் கம்பெனியின் பூமிகா. மெர்சி காய்ச்சலில் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று பாக்கியராஜ் அளந்ததை நம்பி, ஆப்பிள் பையோடு பார்க்க வந்தவள்.

“ஆமா, ஆமா, நாஷ்டா ஆச்சி... மெர்சி ஊட்ல தான் இருக்கா. இன்னா விசயம்?... ஓ, நாளைக்கு எடையா... அவ வந்து நின்னா தான் மூட்டய எடுப்பாங்களா... அடடா, பேஜாரா பூட்ச்சே.”

கிழவர் காலை நீட்டிக்கொண்டார்.

“அனுப்பறேன், அனுப்பறேன். நான் படிக்காதவன், ஒன்னு புரியல. பொம்பள விவசாயி காப்பின்னா வெல ஜாஸ்தின்னு பாக்கெட்ல அவ போட்டாவப் போட வச்சது நீங்க தான?... சரி. களை எடுத்தது யாரு?... பழம் பறிச்சது?... காயப் போட்டது?... சத்தமா சொல்லு, இங்க ரயிலு போவுது... ம். மெர்சி.”

‘சொல்லுங்க’ போய் ‘சொல்லு’ வந்துவிட்டது.

“அப்பறம் ஏன் அவள அடிச்ச?... சின்ன சண்டையா? மொத எடை அன்னிக்கி, கம்பெனி லாரி வர்றதுக்கு முன்னாடி, அவ தராசு பக்கத்துல வந்து நின்னா. பொம்பள கிட்ட வந்தா எடை கொறஞ்சிடும், எங்க ஊட்டு வழக்கம்னு சொல்லி, கூலியாளுங்க முன்னாடி கன்னத்துல வச்ச. இல்லன்னு சொல்லு... சொல்லேன்... ம். இப்போ ஒரு நாளைக்கு சிரிச்சிக்கினு நின்னா போதுமா? பணம்?... உங்கம்மா கையிலயா. இவளுக்கு?... ஒரு பொடவ.”

பூமிகா ஆப்பிள் பையைத் தரையில் வைத்துவிட்டு போனுக்குக் கை நீட்டினாள். கிழவர் கொடுப்பாரா? இந்த நிமிஷத்துக்காகத்தானே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அவள் மெர்சி பக்கம் குனிந்து ஏதோ கேட்டாள். மெர்சி தலையசைத்தாள். பூமிகா அதைக் கிழவரின் காதில் சொன்னாள்.

“மாப்ள, பூமிகா மேடம் இங்க தான் குந்திக்கினு இருக்காங்க... எந்தப் பூமிகாவா? உன் காப்பிய வாங்கறவங்க. ஸ்பீக்கர்ல எல்லாம் கேட்டாங்க... இப்ப இன்னா மாமாங்கற? இவ்ளோ நேரம் அந்த வார்த்த எங்க போச்சி?... அழுவாத. மூட்டய எடுத்துக்குவாங்களாம். மெர்சி பேர்ல. பணமும் அவ கணக்குல. இவங்க கார்லயே வர்றா, உன் ஊட்ல இல்ல, தனி ஊட்ல தங்குவா. உங்கம்மாளையும் வந்து பாக்கச் சொல்லு... கேளு. மூட்டய நீ தான் தூக்கியாந்து வைக்கணும். வச்சிட்டு எட்டப் போயிடு... ஏனா? ஆம்பள கிட்ட நின்னா எடை கொறஞ்சிடும்.”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டான்.

“ஹலோ... ஹலோ...” என்று கிழவர் விடாமல் கூப்பிட்டுப் பார்த்தார். திட்ட வேண்டியது இன்னும் பாதி பாக்கியிருந்தது. மெர்சி அதற்குள் துணியை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கியிருந்தாள்.