கேக்குக்காகச் செய்யவில்லை

எனக்குக் கேக் பிடிக்காது, மேடம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரிவில் அடிக்கடி பிரிவு உபசாரம் நடந்ததே நான் கேக் ஆசையில் செய்த வேலை என்று மூன்றாம் மாடியில் பேசிக்கொள்கிறார்களாம். மூன்றாம் மாடிக்குக் கேக்கைத் தாண்டி யோசிக்க வராது.

நீங்கள் பணியாளர் துறை. விசாரிப்பது உங்கள் வேலை. விலை நிர்ணயப் பிரிவில் ஏன் ஒரே ஒரு ஆள் மிச்சம், அந்த ஆள் ஏன் நான் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

நம் கம்பெனியின் பெயர் சாமானியப் பெயரா? அதுவரை வாசலில் நிற்கவைத்தே பேசிய வீட்டுக்காரர், நான் இங்கே சேர்ந்த அன்று உள்ளே கூப்பிட்டு மின்விசிறியைப் போட்டார். மாமனார் என் பெயரையே மறந்துவிட்டார். கம்பெனிப் பெயரைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துவார். ஆனால் பெயர் பெரிதாக இருந்ததே தவிர நான் பெரிய ஆள் ஆகவில்லை. எனக்கு மேலே, நாங்கள் கால்குலேட்டர் என்று கூப்பிடுகிற அண்ணன், அவருக்கு மேலே அக்கா, அக்காவுக்கு மேலே சார். பேருந்தில் முன்னால் நிற்பவர் இறங்கினால்தானே நாம் நகர முடியும். ஒருவரும் இறங்குகிற மாதிரி தெரியவில்லை.

"இங்கயே கிடந்தா வேர்தான் விடும். வெளிய போனாத்தாங்க வளர்ச்சி" என்றாள் மனைவி. அவள் சொன்னது சரிதான். யார் வெளியே போவது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து இருந்தது.

அப்பாவுக்குத் துணிக்கடை. பக்கத்து மூலைக்கடை மேல் அவருக்கு ஒரு கண். வாயைத் திறந்து கேட்டதே இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது மூலைக்கடை அண்ணனிடம், "உங்க கைராசிக்கு இந்தச் சந்து பத்தாதுண்ணே" என்பார், அவ்வளவுதான். அந்த வருஷம் முடிவதற்குள் அண்ணன் பெரிய தெருவுக்குப் போனார், மூலை எங்களுக்கு வந்தது. வாங்கப்போகிற சரக்கை மட்டம் தட்டுவார் அப்பா. கிளப்பவேண்டிய ஆளை உயர்த்துவார். எங்கள் வீட்டில் பேசப் பழகும்போதே இதுவும் பழகிவிடும்.

கால்குலேட்டர் சுலபம். எவ்வளவு பெரிய பெருக்கலையும் மனதிலேயே போடுகிற மனிதர். "இந்த மூளைய வெளிய ஏலம் விட்டா என்ன போகும்ணே?" என்று கேட்டேன். சாயங்காலத்துக்குள் கணக்குப் போட்டுவிட்டார். விடை அவரைத் தூங்கவிடவில்லை.

அக்காதான் கஷ்டம். சந்தோஷமாக இருந்தவர். ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், எல்லார் பிறந்தநாளும் அவருக்கு ஞாபகம் இருக்கும். என் குழந்தை காய்ச்சலில் கிடந்தபோது என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். அதனால் அவரிடம் மென்மையாகத்தான் நடந்துகொண்டேன்.

"எத்தனை வருஷமாக்கா இதே சீட்டுல இருக்கீங்க?"

"ஏன்டா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. கேட்டேன்."

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். சில நாளில் செடி வாட ஆரம்பித்தது, எனக்குத் தெரிந்துவிட்டது. போகிற அன்று தொட்டியை என் கையில் கொடுத்து, "என் அருமை தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்டா" என்று கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது. அதற்கு மேல் கேக் வேறு.

சாரிடம் ஒன்றும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவேன். "என்னப்பா?" என்பார். "இல்ல சார், உங்களப் போய் இங்க..." என்று நிறுத்திவிடுவேன். மீதியை அவரே முடித்துக்கொண்டார்.

இப்போது பிரிவுத் தலைவர் நான். கூட்டம் போட்டால் எல்லாரும் நேரத்துக்கு வந்துவிடுகிறேன். எந்த முடிவும் ஏகமனதாகத்தான். போன வாரம் குளியல் சோப்பின் விலையில் ஒரு சைபர் விட்டுப்போனது உண்மை. ஊரே மூட்டை மூட்டையாக வாங்கிப் போனதும் உண்மை. சரிபார்ப்பது கால்குலேட்டரின் வேலை. அவர் இல்லாததற்கு நான் என்ன செய்ய முடியும்?

சரி, நாமும் இறங்கிவிடலாம் என்று ஒரு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் சார், அக்கா, கால்குலேட்டர். மூவரும் ஒரே இடத்தில், ஒரு சுற்றுப் பெருத்து, நல்ல நல்ல உடுப்பில். காபி கொடுத்தார்கள். அக்கா செடியை விசாரித்தார். "உன் திறமைக்கு இந்த இடம் பத்தாதுப்பா" என்றார் சார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நெஞ்சு நிறைந்து வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி எதற்கு அப்படிச் சிரித்தாள் என்பது இன்னும் பிடிபடவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பேரையும் அனுப்பியது நான்தான். மூவரும் நன்றாக இருக்கிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். என்னை வேலையிலிருந்து நீக்கச் சிபாரிசு செய்யப்போகிறீர்கள் என்பது உங்கள் பேனா போகிற வேகத்திலேயே தெரிகிறது. என்ன அழகான கையெழுத்து. எத்தனை வருஷமாக, மேடம், இதே சீட்டில் இருக்கிறீர்கள்?

ஒன்றுமில்லை. கேட்டேன்.