ஆட்டுப்பட்டியில் படித்த ஆங்கிலம்

நெடுங்கேணியிலிருந்து வவுனியா போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் சான்றிதழ் உறை. "அக்கா, ஒப்ஸ்டினேட்டை வேலியோட கட்டிப்போட்டிட்டுத்தான் வந்தனான்" என்றாள். நான் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டேன்.

"ஆரடி அது?"

"என்ர கறுத்த ஆடு. எவ்வளவு இழுத்தாலும் வராது, அவ்வளவு பிடிவாதம். அகராதியில சொல்லுப் படிக்கப் படிக்க, குணம் பாத்து ஒவ்வொரு ஆட்டுக்கும் பேர் வைச்சனான். கண்டதையெல்லாம் தின்னிறது வொரேஷஸ். நாள் முழுக்கக் கூப்பிட்டா மறக்குமே?"

"இன்ரவியூவில போய் ஆட்டுக் கதை கதைச்சுப் போடாத! இங்கிலீஷ் ரீச்சர் வேலை கேட்டுப் போறாய்."

"பயமாக் கிடக்கு அக்கா. போன முறை உங்களுக்கே கிடைக்கேல்லயே."

"அதுக்கென்ன? எனக்கு இனி வயசும் கடந்துபோச்சு. உனக்காவது கிடைக்கட்டும் எண்டுதானே என்ர அகராதியைத் தந்தனான். சரி சொல்லு, மக்னானிமஸ் எண்டா?"

"பெருந்தன்மையான ஆள்."

"அதுக்கு எந்த ஆடு?"

இளையவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். "அந்தக் குணத்தில எங்கட பட்டியில ஒண்டும் இல்லை. அந்தச் சொல்லுக்கு உங்களைத்தான் நினைச்சுக்கொள்ளுறனான்."

"போடி, என்னையும் ஆட்டோட சேர்த்து அடைச்சிட்டாய்" என்றாள் மூத்தவள்.

இளையவளின் மடியிலிருந்த சான்றிதழ் உறையை நேராக்கி வைத்துவிட்டு, அடுத்த சொல்லைக் கேட்டாள்.