ஆட்டம் முடியட்டும்

எங்கள் மைதானத்தில் ஆடுகிறவனுக்கு முழங்காலில் தோல் நிற்காது. பேருக்குப் புல் இருக்கிறது, அதற்குக் கீழே முழுக்கப் பவளக்கல் பொடி. விழுந்து எழுந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுபோல் இருக்கும். கடல் பொங்கும் மாதங்களில் தண்ணீர் கரையைத் தாண்டிக்கூட வராது, தரைக்கு அடியிலிருந்தே ஊறி கோல் வாசலில் குட்டை கட்டும். நீங்களும் அந்தக் குட்டையில் கோல்கீப்பராக நின்றவர்தான், இன்ஸ்பெக்டர். உங்கள் முழங்காலில் தழும்பு தெரிகிறது. அதனால் உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபம்.

நம் லீக்கைப் பற்றி வெளிநாட்டுக்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். நாடு முழுக்க ஒரே மைதானம், அதுவும் விமான ஓடுபாதைக்குப் பக்கத்தில். தீவுக்கு ஓர் அணி, தீவுக்கு ஒரு மண்டபம். ஆட்டக்காரனை வாங்குவதும் விற்பதும் கிடையாது. ஒருவன் அப்பன் தீவுக்கு ஆடலாம், இல்லை அம்மா தீவுக்கு ஆடலாம். அவ்வளவுதான் சட்டம். சிரிக்கட்டும். அவர்களுக்கு அதில் இருக்கும் வலி தெரியாது.

செமு என் அக்கா லிசெபாவின் மகன். அவன் தவழும் வயதில் அப்பா சரக்குக் கப்பலுக்கு வேலைக்குப் போனார், திரும்பவில்லை. வளர்த்தது நான். படகு இன்ஜின் பழுது பார்க்கும் என் பட்டறை வாசலில்தான் அவன் பந்து பழகினான். இடது கால் வலுவாக வேண்டும் என்று வலது காலைத் தேங்காய்நார்க் கயிற்றால் கம்பத்தோடு கட்டி வைப்பேன். அழுவான். உதைத்து முடிக்கும்வரை அவிழ்க்க மாட்டேன். பிறகு பதநீர் கொடுப்பேன். அந்த இடது காலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே அதில் கோல் வாங்கியிருக்கிறீர்கள். எங்கள் தீவு நனுமங்காவுக்காக, என் அணிக்காக, அவன் அடித்தவை அவை.

போன சீசன் தொடங்குவதற்கு முன்னால் பட்டறைக்கு வந்தான். ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே நின்றான்.

“மாமா, இந்த வருஷம் அப்பா பக்கம் ஆடலாம்னு இருக்கேன்.”

“அப்பா பக்கம்னா?”

“நுகுலேலே. அவங்க மண்டபத்துக்குக் கூப்பிட்டுப் பேசினாங்க. எங்கப்பா பேர் சொல்ல அங்க யாருமே இல்லையாம். நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?”

“எதுக்குடா கோவம்? போ. நல்லா ஆடு.”

அவன் முகம் அப்படி மலர்ந்தது. கட்டிப்பிடித்துவிட்டுப் போனான். எனக்கு உண்மையிலேயே கோபம் இல்லை. வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் கோபம் வேறு, வயிற்றெரிச்சல் வேறு.

கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றபோது நாங்களும் நுகுலேலேவும் சம புள்ளியில் இருந்தோம். யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. ஆட்டம் முடிந்ததும் இரண்டு தீவுக்காரர்களும் சேர்ந்து விருந்து சாப்பிட்டுப் பாடி ஆட வேண்டும். நுகுலேலே மண்டபத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அணிக்குப் புதிதாக வந்தவன் அந்த விருந்துக்குத் தன் கையால் பிடித்த மீன் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் அவன் அவர்கள் பிள்ளை. செமுவுக்குப் படகு இல்லை. அப்பா பக்கத்தில் கேட்கக் கூச்சம். என்னிடம் வந்தான்.

“படகுதானே? எடுத்துக்கோ. இன்ஜினை நானே பார்த்து வைக்கிறேன்” என்றேன்.

பார்த்து வைத்தேன். பெட்ரோல் டப்பாவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில், இறுக்கும் வளையத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு கீறல். கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறியதும் காற்று உள்ளே போகும், இன்ஜின் நின்றுவிடும். அவன் உள்கடலில், அலையில்லாத தண்ணீரில் மிதந்துகொண்டு ஆட்டம் நடக்கும் மத்தியானத்தை வீணாக்க வேண்டும். என் எண்ணம் அவ்வளவுதான். சாயங்காலம் நானே போய் இழுத்து வந்து, அவனை நாலு திட்டும் திட்டியிருப்பேன்.

அது சின்னக் கோளாறு. கையில் ஸ்பேனர் சாவியும் ஒரு துண்டு சைக்கிள் டியூபும் இருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் அவன் சரி செய்துவிடுவான், நான் சொல்லிக்கொடுத்த வேலை. ஆகவே சாவிகள் இருந்த தகரப் பெட்டியைப் பட்டறையிலேயே வைத்துக்கொண்டேன். துடுப்பையும்தான். படகில் இருந்த பேசும் ரேடியோவை எடுக்க மறந்துவிட்டேன்.

கடலுக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, வாய் வைத்தால் மீன் ஓடிவிடும். அது நம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். போகிறவன் வீட்டில் ஒரே ஒருவரிடம், கேட்காமலே, காதோடு சொல்லிவிட்டுப் போவான். கேட்டவர் அவன் திரும்பும்வரை வேறு யாரிடமும் சொல்ல மாட்டார். ஆட்ட நாளான சனிக்கிழமை விடிந்ததும் செமு பூட்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான், கரைக்கு வந்ததும் நேரே மைதானத்துக்கு ஓடிவிடலாம் என்று. பதநீர் பாட்டிலை நான்தான் கையில் கொடுத்தேன். என் காதருகே குனிந்தான்.

“வடக்கு வாசல் தாண்டி வெளிய போறேன், மாமா. பறவைங்க அங்கதான் சுத்துது.”

பவளத்திட்டில் இருக்கும் அந்தத் திறப்பைத் தாண்டினால் உள்கடல் இல்லை. நீரோட்டமும் காற்றும் மேற்கே இழுத்துக்கொண்டு போகும் வெளிக்கடல். நான் தலையாட்டினேன். இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்தது. நல்ல இன்ஜின்.

ஆட்டம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நுகுலேலே ஆட்கள் பாதி நேரம் பந்தைப் பார்த்தார்கள், பாதி நேரம் கரைப் பாதையைப் பார்த்தார்கள். எங்கள் பெண்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“என்னப்பா, உங்க புது மாப்பிள்ளை எங்க? வெக்கப்பட்டு ஒளிஞ்சிட்டாரா?”

“மீனு பிடிக்கப் போனவரை மீனு பிடிச்சிட்டுப் போயிருச்சு போல!”

மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். லிசெபா அக்கா சிரிக்கவில்லை. அவள் எந்தப் பக்கமும் உட்காராமல் நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளையில் பையன்களுக்கு இளநீர் வெட்டிக்கொண்டிருந்தேன். என் பையில் இருந்த ஜோடி ரேடியோ கரகரத்தது. நான் கொஞ்சம் தள்ளிப் போய்க் காதில் வைத்தேன்.

“மாமா, திரும்பி வர்றப்ப இன்ஜின் நின்னுபோச்சு. சாவிப் பெட்டியைக் காணோம். துடுப்பும் இல்ல. வாசலுக்கு வெளிய இருக்கேன், கரை இன்னும் தெரியுது.”

“பயப்படாதே. ஆட்டம் முடியட்டும், நானே வரேன்.”

“சரி மாமா. எங்க ஆளுங்ககிட்ட சொல்லிடுங்க, மீன் நிறைய மாட்டியிருக்கு.” பிறகு, “ஸ்கோர் என்ன மாமா?” என்றான்.

“இன்னும் யாரும் அடிக்கல.”

“அப்போ நீங்க ஜெயிச்சிருவீங்க” என்று சிரித்தான்.

ரேடியோவை அணைத்தேன். பையன்கள் காத்திருந்தார்கள், அவர்களிடம் பேச வேண்டியிருந்தது.

கடைசி நிமிடங்களில் ஒரு கார்னரில் கோல் விழுந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். கழுத்தில் பூமாலை, முகமெல்லாம் தேங்காயெண்ணெய், மண்டபத்தில் பாட்டு. நடுவில் நான் எழுந்து போகவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பலாம், ஆனால் நான் மறக்கவில்லை. அவனை இழுத்து வந்து நிறுத்தினால் அத்தனை பேர் முன்னால் குழாயைக் கழற்றிப் பார்ப்பான். அந்தச் சாயங்காலத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். அக்கா மண்டப வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள்.

“பனாப்பா, பையன் இன்னும் வரல. உன்கிட்ட ஏதாவது சொன்னானா?”

“ஏதாவது திட்டுல ஒதுங்கியிருப்பான், அக்கா. சின்னப் பிள்ளையா அவன்?”

அவள் போன பிறகு ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். கரகரப்புதான், நடுவில் ஒரு குரல், வார்த்தை புரியவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து எல்லோரும் கோயில் முற்றத்தில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் படகு இறக்குவதில்லை, அன்று பாதிரியாரே இறக்கச் சொன்னார். எந்த வாசல் என்று தெரிய வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் அக்காவுக்குத் தெரியும். அவள் என் முகத்தைப் பார்த்தாள், எல்லோரும் பார்த்தார்கள்.

“தெற்கு வாசல்” என்றேன்.

அந்த வாரம் முழுக்க ரோந்துக் கப்பலும் நம் படகுகள் அத்தனையும் தெற்கே போயின. முதல் படகின் முன்னால் நான்தான் நின்றேன். தொண்டை கட்டும்வரை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அந்த அழுகை பொய் இல்லை. அவன் இல்லாமல் வீடு எப்படி இருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. ஆனால் கிடைத்துவிட்டால் குழாயைக் காட்டுவான். அவன் என்னைப் பார்க்கப்போகும் பார்வையை என்னால் தாங்க முடியாது. அது மட்டும்தான் காரணம், வேறு எந்தப் பகையும் இல்லை.

இப்போது மேற்கே ஏதோ மீன்பிடிக் கப்பல் காலிப் படகைக் கண்டெடுத்து, நீங்கள் இந்தக் குழாயை மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். கீறலைச் சுற்றி பூட்ஸ் கயிற்றால் கட்டியிருக்கிறான். கயிற்றில் காற்று நிற்காது, பாவம், வேறு எதுவும் கையில் இல்லை. முடிச்சு எனக்குத் தெரிந்த முடிச்சு. தேங்காய்நார்க் கயிற்றில் அவன் காலுக்கு நான் போட்டது.

இதில் ஒரே ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடாது. கீறலைப் பார்த்த பிறகு ரேடியோவில் கூப்பிட்டானா, அதற்கு முன்னாலா? பார்த்துவிட்டா ஸ்கோர் கேட்டான்? பார்த்துவிட்டா சிரித்தான்? நீங்கள் விசாரிக்கிறவர், உங்களாலும் சொல்ல முடியாது.

குழாயைக் கிழித்தது நான். துடுப்பையும் சாவியையும் எடுத்தது நான். அவன் கூப்பிட்டபோது போகாமல் இருந்ததும், தேட வந்தவர்களைத் தெற்கே கூட்டிப்போனதும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் முன்னால் நிற்க எனக்குத் திராணி இல்லை.

கோப்பையை மட்டும் எங்கள் மண்டபத்திலிருந்து எடுக்க வேண்டாம் என்று லீக்காரர்களிடம் சொல்லுங்கள். நீங்கள் கோல்கீப்பராக நின்றவர், உங்களுக்குப் புரியும். அன்றைக்கு செமு ஆடியிருந்தாலும் நாங்கள்தான் ஜெயித்திருப்போம்.