தண்டு இல்லாத கன்வெர்ட்டர்

பழைய லென்ஸோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அதை எந்தக் கேமராவில் மாட்டப்போகிறீர்கள் என்றுதான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. அதில் தப்பில்லை, தெரிந்து சொல்லத்தானே கடையில் நான் இருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் அந்தக் கேமராக் கடையை நடத்துகிறேன். முதலில் என் கணவர் ஆர்லனோடு, அவர் போன பிறகு தனியாக. பொருந்தவில்லை என்று நான் கொடுத்த எதையும் யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. ரெய்னோ டெர்வோ ஒருவர்தான் கொண்டுவந்தார். அவருக்குப் பொருந்தாததைத் தெரிந்தேதான் கொடுத்திருந்தேன்.

வாக்குமூலத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், டெபுடி மாலெக். இதுதான் முதல்.

ரெய்னோவிடம் இருந்தது நல்ல லென்ஸ். பதினைந்து வருஷத்துக்கு முன் எங்கள் கடையிலேயே வாங்கியது. அந்தக் காலத்து லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கிற மோட்டார் ஒரு சின்னத் திருகைச் சுற்றும், அது லென்ஸைச் சுற்றிப் படத்தைத் தெளிவாக்கும். கன்வெர்ட்டர் என்பது இரண்டுக்கும் நடுவில் மாட்டுகிற குட்டிக் குழாய். தூரத்தில் இருப்பதை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். பழைய லென்ஸ் அதன் வழியாகத் தானே தெளிவாக வேண்டுமானால், குழாய்க்குள்ளும் அந்தச் சுற்றைக் கடத்திவிட ஒரு தண்டு ஓட வேண்டும். சிலவற்றில் ஓடும், சிலவற்றில் ஓடாது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மாட்டும்போது வருகிற சத்தம்கூட ஒன்றுதான்.

என் மேஜை இழுப்பறையில் இரண்டு வகையும் இருந்தன.

ஆர்லனைப் பற்றிய காகிதங்கள் உங்களிடமே இருக்கின்றன. போன வருஷத்துக்கு முந்தைய நவம்பர், சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால். தபால் பெட்டியைப் பார்க்கச் சாலையைக் கடந்தார். ஒரு பிக்கப் வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போனது. சாலையில் வலது பக்க விளக்கின் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. வேறு எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ரெய்னோவின் பிக்கப்பில் வலது விளக்கு புதிதாக இருந்தது.

"மான் குறுக்க பாஞ்சிருச்சு, மார்லிஸ்," என்றார். நான் கேட்கவே இல்லை.

நவம்பரில் இங்கே பாதி வண்டிகள் மானை அடித்தவைதான், எனக்கும் தெரியும். ஆனால் மற்றவர்கள் யாரும் என்னிடம் வந்து அதைச் சொல்லவில்லை. அதற்கு முன்பே, சவ அடக்கத்தன்று நடந்தது ஒன்று. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவர் கொண்டுவந்த ஹாட்டிஷை, காட்டரிசி போட்டு அடுப்பில் சுட்ட சாப்பாட்டை, வைத்துவிட்டு, கை குலுக்க வந்தார். நீட்டிய கை என் கைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அவர் அழுதுகொண்டிருந்தார் என்று நீங்கள் சொல்லலாம். நான் அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கவனித்தேன். கடைக்குள் வந்ததும் வாசலிலேயே நின்று, "மார்லிஸ், இருக்கியா?" என்பார். நான் நேர் எதிரே நின்றுகொண்டிருப்பேன். வெளியே பனியின் வெளிச்சம், உள்ளே இருட்டு என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் சொல்லலாம். சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தெரிந்தது: இந்த மனிதருக்குக் கண் தெரியவில்லை, தெரியாமலே வண்டி ஓட்டுகிறார். தானாகத் தெளிவாகிற லென்ஸ் இருக்கிறவரை அவர் எடுக்கும் படங்கள் அதை மறைத்துக்கொண்டே இருக்கும்.

ஜனவரியில் அவராகவே வந்து கேட்டார்.

"ஓடை வாயில அன்னம் வந்திருக்கு, மார்லிஸ். நாலு பெருசு, ரெண்டு குஞ்சு. குஞ்சுங்களுக்கு இன்னும் சாம்பல் நிறம் போகல. கரையில நின்னு எடுத்தா எறும்பாட்டம் விழுது. என் லென்ஸுக்கு ஏத்த கன்வெர்ட்டர் ஏதாவது இருக்கா?"

குஞ்சுகளின் நிறத்தை அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

"நாளைக்கு வாங்க ரெய்னோ, தேடி வைக்கிறேன்," என்றேன்.

மறுநாள் தண்டு இல்லாததைக் கொடுத்தேன். இரண்டு மடங்கு பெரிதாக்குவது. மாட்டினால் கேமராவுக்குள் பார்க்கிற காட்சி நன்றாக இருண்டுவிடும். தண்டு உள்ளதும் இருந்தது, ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு, அவருடைய லென்ஸுக்கென்றே செய்ததுபோல. அது என் முழங்காலுக்குப் பக்கத்தில் இழுப்பறையில் இருந்தது.

"தானா ஃபோகஸ் ஆகுமா?" என்று கேட்டார்.

"இதுல கையாலதான் திருப்பணும். கண்ணு நல்லா இருந்தா ஒரு சிரமமும் இல்ல."

"கண்ணுக்கு என்ன குறை. இந்தக் கிழவனுக்கு மிச்சம் இருக்கறதே அது ஒண்ணுதான்," என்று சிரித்தார்.

ஒரு வாரம் கழித்துப் படங்களைக் கொண்டுவந்தார். கடைக் கணினியில் ஒவ்வொன்றாகப் போட்டேன். அறுபதுக்கு மேல் இருக்கும். எதிலும் அன்னம் இல்லை. வெள்ளையாக ஏதோ கலங்கிக் கிடந்தது. நான் அவருடைய முகத்தையே பார்த்தேன்.

"எப்படி வந்திருக்கு?" என்று கேட்டேன்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அழகா இருக்கு, மார்லிஸ். நல்ல பொருளாத்தான் குடுத்திருக்க. எனக்குத்தான் அதுக்கு ஏத்த கை இல்ல. இதை நீயே வெச்சுக்க, நல்லா எடுக்கறவங்களுக்கு உதவும்."

அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. கலங்கிப்போன படத்தை ஒரு மனிதர் அழகு என்கிறார். கண் தெரிந்தால் அப்படிச் சொல்வாரா? ஆர்லன் போனதிலிருந்து அவர் என்னிடம் எதையும் குறையாகச் சொன்னதில்லை என்பது உண்மைதான். அன்றும் அப்படித்தான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

"அப்ப அன்னம்?" என்றேன்.

"கொஞ்சம் கிட்டப் போனாப் போச்சு. ஐஸ் எதுவரைக்கும் தாங்கும்? நீதான் தெனமும் அந்தப் பக்கம் நடக்கறியே."

சரியான கன்வெர்ட்டரை அப்போது எடுத்துக் கொடுத்திருந்தால் அவர் கரையிலேயே நின்றிருப்பார். நான் இழுப்பறையைத் திறக்கவில்லை.

"துணி கட்டுன குச்சிங்க வரைக்கும் தைரியமாப் போலாம், ரெய்னோ. நேத்துகூட அங்க ஆளுங்க மீன் பிடிச்சிட்டிருந்தாங்க," என்றேன்.

யாரும் பிடிக்கவில்லை. ஓடை வந்து ஏரியில் விழுகிற இடத்தில் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஐஸ் பிடிக்காது. ஒவ்வொரு குளிர்காலமும் ஊர்க்காரன் வெர்ன் ஸ்க்ராடா எச்சரிக்கைக்காக அங்கே ஆரஞ்சுத் துணி கட்டிய நான்கு குச்சிகளை நடுவான். குச்சிக்கு இந்தப் பக்கம் ஐஸ் ஒரு முழம், வண்டியே நிற்கும். அந்தப் பக்கம் போகப் போக இரண்டு விரல்தான். வியாழக்கிழமை காலையில் நான் போய் நான்கையும் பிடுங்கினேன். ஒரு கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, வயிற்றால் ஊர்ந்துபோய், மெல்லிய ஐஸ் பக்கமாக நாற்பது அடி தள்ளி நட்டேன். இந்த வயதில் அது சுலபமான வேலை இல்லை.

இதை வஞ்சகம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். மெல்லிய ஐஸ் கறுத்துத் தெரியும். கண் உள்ளவன் நின்றுவிடுவான். அன்று மத்தியானம் ஐந்து அங்குலம் பனி விழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

வெள்ளிக்கிழமை ஒன்பதரை மணிக்கு வந்தார். நான் பைன் மரங்களுக்கு அடியில் நின்றிருந்தேன். கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆரஞ்சுத் துணிகளைப் பார்த்து நேராக நடந்தார், கோடு கிழித்ததுபோல. முதல் குச்சிக்கு ஏழெட்டு அடி இருக்கும்போது ஐஸ் உடைந்து தண்ணீருக்குள் போனார். பெரிய சத்தம் எதுவும் இல்லை. அன்னங்கள் பறக்கக்கூட இல்லை, கொஞ்சம் தள்ளிப் போய்க்கொண்டன. கையை ஐஸ்மேல் ஊன்ற ஊன்ற விளிம்பு உடைந்துகொண்டே வந்தது. கேமராவை மட்டும் முதலில் மேலே தள்ளி வைத்துவிட்டார்.

ஒருமுறை என் பெயரைச் சொன்னார். அந்தப் பக்கம் நடக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் ஊகத்தில் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்தத் தூரத்திலிருந்து அவருக்கு என்னைத் தெரிந்திருக்காது.

பத்து மணிக்குக் கடையைத் திறந்தேன். குச்சிகளைத் திருப்பி நடாதது என் கவனக்குறைவு. வெர்ன் வந்து பார்த்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தான்.

செப்டம்பரில் ரெய்னோ லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கண் டாக்டர் கொடுத்த காகிதத்தைக் காட்டினீர்கள். இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன என்கிறது. காகிதம் எதைத்தான் சொல்லாது. சாலையில் கிடந்த கண்ணாடித் துண்டு அவருடைய வண்டியின் விளக்கில் வருகிற வகையே இல்லை என்றும் சொன்னீர்கள். ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரு பையில் கிடந்த துண்டு, இடம் மாறியிருக்கலாம். நான் வாதம் செய்யவில்லை. ரெய்னோவை நான்தான் கொன்றேன், அதில் ஒரு சந்தேகமும் வேண்டாம். ஏன் என்பதுதான் உங்களுக்குப் பிடிபடவில்லை, அதையும் இப்போது சொல்லிவிட்டேன்.

கொடுப்பதற்கு முன் அந்தக் கன்வெர்ட்டரை நான் சோதித்தேனா என்று கேட்டீர்கள். சோதிக்காமல் எதையும் என் கடையிலிருந்து வெளியே விட்டதில்லை. அவர் வந்து கேட்ட அன்றே கடையை ஒரு மணி முன்னதாகப் பூட்டிவிட்டு, அதே மாதிரி லென்ஸில் மாட்டி ஓடை வாய்க்கு எடுத்துப் போனேன். அந்த இருட்டுக் காட்சியில் அன்னங்களைத் தேடித்தேடி நாற்பது படம் எடுத்தேன். ஒன்றுகூடத் தெளிவாக விழவில்லை. அன்று குளிர் அதிகம், கை நடுங்கியிருக்கும். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை, டெபுடி.