மஞ்சப் பெயிண்டு அடிச்ச மூல

கயித்த இறுக்கிக் கட்டலன்னு செத்தவரு மேலயே பழியப் போடுறீகளே, இந்தா கயிறு. வாங்கிப் பாருங்க சார். முடிச்சு இன்னும் அவுரல. வண்டி கேரியர்ல இருந்து நாந்தேன் அறுத்து எடுத்தேன். கயிறு கட்டுன எடத்துலயே இருந்துச்சு. உங்க சங்கத்துல குடுத்த தேனீப் பொட்டிதேன் கம்பம்மெட்டு வளைவுல மூல பிளந்துச்சு. ஏலக்காத் தோட்டத்துக்குக் கொண்டு போன ஈ அம்புட்டும் எங்கய்யா மூஞ்சில அப்பி, வண்டியோட பள்ளத்துக்குள்ள போயிட்டாரு.

என்னது, தண்ணியப் போட்டிருப்பாரா? குடிச்சுட்டு எவனாச்சும் பொட்டி கிட்டப் போவானா? அந்த வாடைக்கே கொட்டித் தள்ளிரும். தேனீச் சங்கத்து ஆபீசருக்கு இதுகூடத் தெரியாதா? ஏலே, சிரிக்காதீகடா. தலைவரே, மைக்க அணைக்காதீக. கிராம சபையில யாரு வேணாலும் பேசலாம்ல?

ஆமா சார், படிக்கிற பயதேன். ஐடிஐல கார்பெண்டர் டிரேடு. அதுனாலதேன் பேசுறேன். ரெண்டு கையையும் விரலுக்குள்ள விரலக் கோத்து இழுங்க பாப்போம். வருதா? பொட்டி மூலைய அப்பிடிக் கோக்கணும், பல்லு பல்லா வெட்டி, பசை வச்சு. இப்ப உள்ளங்கைய மட்டும் ஒட்டி வச்சு இழுங்க. பொசுக்குன்னு வருதுல்ல? நீங்க குடுத்தது அது. பலகைய முட்ட வச்சு, அறுத்த நுனியில ரெண்டு ஆணி. நுனியில எறக்குன ஆணிக்கு என்ன பிடிமானம் இருக்கு? மல ரோட்டுல குலுங்குனா உருவிட்டு வந்துரும்.

சாம்பிள் பொட்டி நல்லாத்தான இருந்துச்சா? இருந்துச்சு. ஆண்டிபட்டிக் கண்காட்சியில அது மேல ஏறி நின்னே காமிச்சீக, உங்க எடைக்கும் ஒண்ணும் ஆகல. அது நாஞ் செஞ்சது சார். எங்க வாத்தியாரு குடுத்துவிட்டது. அதக் காட்டி மேல ஓகே வாங்கிட்டு, ஊருக்கெல்லாம் ஆணி அடிச்சதத் தள்ளி விட்டுட்டீக. மஞ்சப் பெயிண்டு அடிச்சுட்டா எந்த மூலையும் ஒண்ணுதேன், வெளிய இருந்து யாரு கண்டா?

எங்கய்யா மண்பானகூட தட்டிப் பாக்காம வாங்க மாட்டாரு. கண்காட்சியில பாத்த அதே பொட்டிதேன்னு நம்பி, இத மட்டும் தட்டிப் பாக்கல. எம் மகன் செஞ்ச பொட்டின்னு போற வார ஆளுகிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டேதேன் வண்டில ஏத்திருக்காரு. நா ஹாஸ்டல்ல கெடந்தேன். கூட இருந்திருந்தா ஒரு பார்வையில சொல்லிருப்பேன்.

அந்தா, கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கே, அது எங்காத்தா பஞ்சம்மாள். காரியம் முடிஞ்சதுல இருந்து ஏங்கூடப் பேசல. சோறு போடும், என் கையவே பாக்கும், உள்ள போயிரும். நா எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன், நம்ப மாட்டேங்குது.

இந்தாங்க மைக்கு. பிடிங்க சார். அந்தப் பொட்டி இவன் செஞ்சதில்லன்னு நீங்க சொல்லுங்க. எங்காத்தாளப் பாத்து, இம்புட்டுப் பேரும் கேக்கச் சொல்லுங்க.